அமெரிக்காவிலேயே தயாராகும் பவர் டூல்களைக் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வார இறுதியில் கராஜில் மரவேலை செய்யும் எங்கள் கூட்டத்தில், வருடத்துக்கு ஒருவராவது "இனி அமெரிக்கத் தயாரிப்பு மட்டும்தான்" என்று கிளம்புவார். கிளம்பியவர் நேராகப் போய் நிற்பது பெரிய கடையில் கார்ட்லெஸ் டிரில்கள் தொங்கும் வரிசையில். தப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரு மணி நேரம் பெட்டி பெட்டியாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அமெரிக்காவில் இப்போது எதுவுமே தயாராவதில்லை" என்று திரும்பி வருவார்.

தயாராகிறது. ஆனால் அவர் தேடிய வரிசையில் இல்லை. தேடும் ஒழுங்கை மாற்றினால் போதும். நான் அலைந்து கற்றுக்கொண்ட ஒழுங்கு இது.

1. கடைக்குப் போகும் முன்

முதலில் உங்கள் கராஜின் மின்சாரத்தைப் பாருங்கள். பிரேக்கர் 15 ஆம்பா, 20 ஆம்பா? 240 வோல்ட் பிளக் இருக்கிறதா? ஏர் கம்ப்ரஸர் இருந்தால் அதன் லேபிளில் 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் எத்தனை சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) என்று போட்டிருக்கிறது? இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. அமெரிக்காவில் இன்னும் தயாராகும் கருவிகளில் பெரும்பாலானவை பட்டறைக்காரர்களுக்கானவை. அவை 240 வோல்ட், மூன்று ஃபேஸ், அழுத்தக் காற்று என்று ஏதாவதொன்றைக் கேட்கும். கருவியைப் பிடித்துவிட்டு அப்புறம் எலக்ட்ரீஷியனைத் தேடினால் செலவு இரட்டிப்பாகும்.

அடுத்து, என்ன வேலைக்குத் தேடுகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "நல்ல ரம்பம்" என்று எழுதினால் தேட முடியாது. "முக்கால் அங்குல ஓக் பலகையை நீளவாக்கில் அறுக்க" என்று எழுதினால் தேடலாம். எழுதிப் பார்த்த பிறகு பலருக்கு, வேண்டியது புது ரம்பமே அல்ல, நல்ல பிளேடு மட்டும்தான் என்று தெரிந்துபோகும்.

2. எந்த அளவு அமெரிக்கத் தயாரிப்பு போதும் என்று முடிவு செய்யுங்கள்

இதை முடிவு செய்யாமல் லேபிளைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். லேபிள்களில் மூன்று விதமான வாசகங்களைப் பார்ப்பீர்கள்.

வெறும் 'மேட் இன் யுஎஸ்ஏ' என்று இருந்தால், அந்தப் பொருள் முழுவதுமோ ஏறத்தாழ முழுவதுமோ அமெரிக்காவில் உருவாகியிருக்க வேண்டும். இது நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் அளவுகோல். 2021 ஆகஸ்டில் இதை லேபிள் விதியாகவே கொண்டுவந்தார்கள். மீறினால் அபராதம். முழுக்க வெளிநாட்டில் செய்த உதிரி பாகங்களுக்கு இந்த லேபிளை ஒட்டியதற்காக 2024-இல் குபோட்டாவின் வட அமெரிக்க நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. கலிபோர்னியா மாநிலச் சட்டம் மட்டும் 5 சதவீதம் வரை வெளிநாட்டுப் பாகங்களை ஏற்கிறது. உள்நாட்டில் கிடைக்கவே கிடைக்காத பாகமென்றால் 10 சதவீதம் வரை.

இரண்டாவது 'மேட் இன் தி யுஎஸ்ஏ வித் குளோபல் மெட்டீரியல்ஸ்'. டிவால்ட்டின் மஞ்சள் பெட்டிகளில் கொடிப் படத்தோடு பார்த்திருப்பீர்கள். வேலை இங்கே நடக்கிறது, பாகங்கள் பல நாடுகளிலிருந்து வருகின்றன என்று பொருள். ஒளிவுமறைவு இல்லாத வாசகம்தான். ஆனால் முதல் வகையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது 'அசெம்பிள்டு இன் யுஎஸ்ஏ'. இதற்கும் அளவுகோல் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களைக் கடைசியில் நான்கு ஸ்க்ரூ போட்டு மூடினால் மட்டும் போதாது. இங்கே நடக்கும் வேலை கணிசமாக இருக்க வேண்டும் என்கிறது கமிஷன்.

உங்கள் நோக்கம் என்ன? உள்ளூர் ஆட்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றால் இரண்டாவதும் மூன்றாவதும் போதும். இரும்பு முதல் மோட்டார் வரை இங்கேயே ஆகியிருக்க வேண்டும் என்றால் முதல் வகையை மட்டும் தேடுங்கள். அப்போது பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். நான் பெரும்பாலும் இரண்டாவதோடு நின்றுகொள்கிறேன். பிளேடு, பிட் விஷயத்தில் மட்டும் முதல் வகை கேட்பேன், ஏனென்றால் அங்கே அது கிடைக்கிறது.

3. பேட்டரியிலிருந்து விலகிப் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பேட்டரியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போகிறீர்களோ, அவ்வளவுக்கு அமெரிக்கத் தயாரிப்பு கிடைக்கும்.

ஒரு கார்ட்லெஸ் டிரில்லைப் பிரித்துப் பாருங்கள். லித்தியம் செல்கள், அவற்றைக் கண்காணிக்கும் சர்க்யூட், பிரஷ்லெஸ் மோட்டாரின் சுழலியில் நியோடிமியம் காந்தம். செல்கள் கிழக்காசியாவிலிருந்து வருகின்றன. அந்தக் காந்தத்தில் உலகத்துக்குத் தேவையான பெரும்பகுதி சீனாவில் உருவாகிறது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு 'ஏறத்தாழ முழுவதும் அமெரிக்கா' என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. எனவே கார்ட்லெஸ் வரிசையில் இரண்டாவது வகைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

தேட வேண்டிய ஒழுங்கு இது. முதலில் பிளேடு, பிட் போன்ற வெட்டும் பாகங்கள். அடுத்து காற்றில் ஓடும் கருவிகள். அப்புறம் தரையில் நிற்கும் கனமான இயந்திரங்கள். பிறகு பெட்ரோலில் ஓடும் செயின்சா வகை. அதன் பின் வயர் உள்ள கைக்கருவிகள். கார்ட்லெஸ் கடைசி. வருகிறவர்கள் எல்லோரும் இதை அப்படியே தலைகீழாகத் தேடுகிறார்கள்.

4. பெட்டியை விட்டுவிட்டு கருவியின் அடிப்பக்கத்தைப் படியுங்கள்

இறக்குமதியான பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று குறிப்பது சட்டப்படி கட்டாயம். 1930-ஆம் ஆண்டின் சுங்கவரிச் சட்டத்திலிருந்து வரும் விதி அது. அமெரிக்காவில் செய்த கருவியில் நாட்டின் பெயரைப் போட வேண்டும் என்று பொதுவான கட்டாயம் எதுவும் கிடையாது. எனவே 'மேட் இன்' என்ற சொல்லைத் தேடுவதோடு, எங்காவது வேறு நாட்டின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். எழுத்து கடுகளவில் இருக்கும். போன் டார்ச்சை அடித்துப் படம் எடுத்து, பெரிதாக்கிப் படியுங்கள்.

இங்கே நான்கு இடங்களில் சறுக்குவார்கள்.

லேபிளில் உள்ள முகவரியைத் தொழிற்சாலை என்று நினைப்பது. மேரிலாந்து மாநிலம் டவுசன் என்று போட்டிருந்தால் அது டிவால்ட்டின் தலைமை அலுவலகம். கருவி அங்கே பிறந்தது என்று பொருள் இல்லை.

'டிசைன்டு இன் யுஎஸ்ஏ', 'இன்ஜினியர்டு இன் யுஎஸ்ஏ' என்பதைப் பார்த்து ஏமாறுவது. வரைபடம் மட்டும் இங்கே போட்டது என்று அர்த்தம்.

யுஎல் முத்திரையைப் பார்த்துத் திருப்தி அடைவது. அது மின் பாதுகாப்புச் சோதனைக்கான முத்திரை. எந்த நாட்டில் செய்த கருவிக்கும் கிடைக்கும்.

டிரில், சார்ஜர், பேட்டரி எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்கும்போது டிரில்லின் லேபிளை மட்டும் படிப்பது. அதே பெட்டிக்குள் சார்ஜர் ஒரு நாடு, பேட்டரி ஒரு நாடு என்று இருக்கும். மூன்றையும் தனித்தனியே திருப்பிப் பாருங்கள்.

இன்னொன்று. ஒரே மாடல் காலத்துக்குக் காலம் வேறு வேறு தொழிற்சாலையிலிருந்து வரலாம். நண்பர் போன வருடம் வாங்கியதைப் பார்த்துவிட்டு ஆன்லைனில் ஆர்டர் போடாதீர்கள். கடையில் இருக்கும் அந்தப் பெட்டியையே திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

5. பிராண்டுப் பெயர் போடும் பொறிகள்

எங்கள் கூட்டத்தில் ஒருவர், விஸ்கான்சினில் நாலு வருடம் படித்தவர், அந்த ஊர்ப் பாசத்தில் மில்வாக்கி என்றால் மில்வாக்கியில் செய்தது என்றே நம்பிக்கொண்டிருந்தார். மில்வாக்கி டூல் நிறுவனத்தின் தலைமையகம் விஸ்கான்சினின் புரூக்ஃபீல்டில்தான் இருக்கிறது. ஆனால் 2005 முதல் அதன் உரிமையாளர் ஹாங்காங்கைச் சேர்ந்த டெக்ட்ரானிக் இண்டஸ்ட்ரீஸ். மிசிசிப்பியிலும் விஸ்கான்சினின் வெஸ்ட் பெண்டிலும் அவர்களுக்குத் தொழிற்சாலைகள் உண்டு. ஆனால் கடையில் தொங்கும் சிவப்பு கார்ட்லெஸ் கருவிகளில் பெரும்பாலானவை ஆசியாவிலிருந்து வருபவை.

ரிட்ஜிட் இன்னும் வேடிக்கை. ஒஹையோ மாநிலம் எலிரியாவில் இருக்கும் ரிட்ஜ் டூல் கம்பெனிதான் பிளம்பர்களின் சிவப்புக் குழாய் ரெஞ்சுக்குப் பேர்போனது. கடையில் அதே பெயரில் தொங்கும் ஆரஞ்சு டிரில்லை உரிமம் வாங்கிச் செய்வது மேலே சொன்ன டெக்ட்ரானிக். பெயர் ஒன்று, வீடு இரண்டு.

சாஸ்டாப் டேபிள் சா (மேசையில் பிளேடு பதித்த ரம்பம்), விரல் பட்டவுடன் பிளேடை நிறுத்தும் அமெரிக்கக் கண்டுபிடிப்பு. நிறுவனம் ஒரெகனில். இயந்திரம் தைவானில். பவர்மேட்டிக் ஒரு காலத்தில் டென்னசியின் மெக்மின்வில்லில் வார்த்தது, இப்போது அதுவும் தைவான். ஸ்கில் 2017-இல் சீனாவின் செர்வான் கைக்குப் போய்விட்டது. தைவான் இயந்திரம் மட்டமானது என்று நான் சொல்லவில்லை, என் பட்டறையிலேயே ஒன்று இருக்கிறது. நீங்கள் தேடுவது அதுவல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கு நேர்மாறான கதை, செயின்சாவுக்குப் பேர்போன ஸ்டீல் (Stihl). ஜெர்மன் நிறுவனம். ஆனால் 1974 முதல் வர்ஜீனியா பீச்சில் உற்பத்தி நடக்கிறது. அமெரிக்க, வெளிநாட்டுப் பாகங்கள் கலந்து செய்தது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஆக நிறுவனம் எந்த நாடு என்பதும் கருவி எந்த நாடு என்பதும் இரண்டு தனிக் கேள்விகள்.

பழைய செய்திகளையும் நம்பாதீர்கள். கிராஃப்ட்ஸ்மேன் ரெஞ்சு, சாக்கெட்டுகளுக்காக டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் புதுத் தொழிற்சாலை வருகிறது என்று 2019-இல் ஆரவாரமாகச் செய்தி வந்தது. 2023-இல் அதை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். தேடினால் முதல் செய்திதான் முன்னால் வந்து நிற்கும். எதைப் படித்தாலும் தேதியைப் பாருங்கள்.

6. வகை வகையாக எங்கே தேடுவது

பிளேடு, பிட்: நியூ ஜெர்சியின் கிளிஃப்டனில் ஃபாரஸ்ட், டேபிள் சா பிளேடுகளுக்கு. ரிட்ஜ் கார்பைடும் அதற்கே. ரவுட்டர் (மரத்தில் பள்ளமும் விளிம்பும் செதுக்கும் கருவி) பிட்டுகளுக்கு வட கரோலினாவின் கிளேர்மான்டில் ஒயிட்சைட். டிரில் பிட்டுகளுக்கு மினசோட்டாவின் செயின்ட் பாலில் நார்ஸ்மேன். ஃபாரஸ்ட் பிளேடு ஒன்று நூறு டாலரைத் தாண்டும். முதல் தடவை கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் மழுங்கியதும் அவர்களுக்கே அனுப்பித் தீட்டி வாங்கலாம் என்பதால் குப்பைக்குப் போகாது. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இருக்கும் ரம்பத்தை வைத்துக்கொண்டு அதில் ஓர் அமெரிக்க பிளேடு போடுங்கள். குறைந்த செலவில் அதிக வித்தியாசம் தெரிவது இங்கேதான்.

காற்றுக் கருவிகள்: நியூயார்க் மாநிலத்தின் கிளாரன்ஸில் டைனாபிரேட், வட கரோலினாவின் மர்ஃபியில் ஸ்னாப்-ஆன் குழுமத்தின் சூ (Sioux) நிறுவனம். மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டர், கிரைண்டர் வகைகள். இங்கே எல்லோரும் செய்யும் தவறு கம்ப்ரஸரில். வீட்டில் சாதாரணமாக இருக்கும் ஆறு காலன் கம்ப்ரஸர் 90 பிஎஸ்ஐயில் இரண்டரை சிஎஃப்எம் சுற்றளவில்தான் காற்று தரும். ஆணி அடிக்க அது போதும். காற்றுச் சாண்டர் அதைப்போல் பல மடங்கு குடிக்கும். பத்து விநாடி ஓடும், அப்புறம் நீங்கள் கம்ப்ரஸரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முதல் படியில் குறித்த எண் இங்கே உதவும்.

நிற்கும் இயந்திரங்கள்: இந்தப் பகுதியில் சரக்கு நிறைய. மினசோட்டாவின் நார்த்ஃபீல்டில் நார்த்ஃபீல்ட் ஃபவுண்டரி, மரவேலைப் பெரிய இயந்திரங்கள். அயோவாவின் பிரிட்டில் ஒரிஜினல் சா கம்பெனி, ரேடியல் ஆர்ம் சா. விஸ்கான்சினின் பார்னவெல்டில் ரோபஸ்ட், மரக் கடைசல் லேத். அதே மாநிலத்தின் வெரோனாவில் எல்லிஸ், உலோகம் அறுக்கும் பேண்ட் சா. மிசோரியின் வார்சாவில் பர் கிங், பெல்ட் கிரைண்டர். கத்தி செய்பவர்களிடம் கேட்டால் இந்தப் பெயரைச் சொல்வார்கள். தூசி உறிஞ்ச நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் ஒனைடா. காந்தத்தால் இரும்பில் ஒட்டிக்கொண்டு துளைபோடும் டிரில்லுக்கு மிச்சிகனின் ஸ்வார்ட்ஸ் கிரீக்கில் ஹூகன். மரத்தை வாங்கி நீங்களே பலகை அறுக்க நினைத்தால் இண்டியானாபொலிஸின் வுட்-மைசர்.

இவற்றில் பலதைப் பெரிய கடைகளில் பார்க்கவே முடியாது. நிறுவனத்திடமே நேரடியாகவோ தொழிற்சாலைகளுக்கு விற்கும் டீலர் மூலமாகவோதான் வாங்க வேண்டும். "கடையில் இல்லை, ஆகவே உலகத்திலேயே இல்லை" என்று நினைப்பதால்தான் பாதிப் பேர் தேடலைக் கைவிடுகிறார்கள்.

வயர் உள்ள கைக்கருவிகள், கார்ட்லெஸ்: ஒவ்வொரு மாடலாக லேபிளைப் பார்ப்பதைத் தவிரக் குறுக்குவழி கிடையாது.

7. தயாரிப்பாளரிடம் கேளுங்கள், ஆனால் சரியாகக் கேளுங்கள்

"உங்கள் கருவிகள் அமெரிக்காவில் செய்தவையா?" என்று எழுதினால் "எங்களுக்கு அமெரிக்காவில் இத்தனை ஊழியர்கள்" என்று பெருமிதமாக ஒரு பதில் வரும். உங்களுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

மாடல் எண்ணைப் போட்டுக் கேளுங்கள்: இப்போது நீங்கள் அனுப்பும் இந்த மாடல் எந்த ஊரில் அசெம்பிள் ஆகிறது? மோட்டாருக்குள் செம்புக் கம்பி எங்கே சுற்றப்படுகிறது? இரும்பு வார்ப்பு எங்கே? ஒரு வரிப் பதில் போதும். சிறிய நிறுவனங்களில் போனை எடுப்பவரே இயந்திரம் பூட்டுபவராக இருப்பார், "மோட்டார் வெளியிலிருந்து வருகிறது, மற்றதெல்லாம் இங்கே" என்று பட்டென்று சொல்லிவிடுவார். இப்படிச் சொல்பவரை நான் நம்புவேன். சுற்றி வளைப்பவரிடம் வாங்குவதைத் தள்ளிப்போடுவேன்.

8. பழசை வாங்குவது

புதிதில் கிடைக்காதது பழசில் கிடைக்கும். டெல்டா யூனிசா, பவர்மேட்டிக் 66 போன்ற டேபிள் சாக்களும் பழைய ராக்வெல் இயந்திரங்களும் எஸ்டேட் சேல்களிலும் (ஒருவர் காலமான பின் வீட்டுப் பொருள்களை விற்பது) பள்ளிக்கூடப் பட்டறை ஏலங்களிலும் வந்துகொண்டே இருக்கின்றன. வார்ப்பிரும்பு மேடை, மாற்றக்கூடிய பேரிங். சுத்தம் செய்து எண்ணெய் போட்டால் இன்னொரு தலைமுறை ஓடும்.

போகும் முன் விற்பவரிடம் மோட்டார் பெயர்த்தகட்டின் படம் கேளுங்கள். இது முக்கியம். பள்ளிக்கூடத்து இயந்திரங்களில் பல மூன்று ஃபேஸ் மோட்டாருடன் வரும். வீட்டில் இருப்பது ஒற்றை ஃபேஸ். எங்கள் நண்பர் ஒருவர் ஏலத்தில் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு டேபிள் சாவை நாலு பேரை வைத்துத் தூக்கி வந்தார். தகட்டில் ஃபேஸ் என்ற இடத்தில் 3. ஆறு மாதம் அதன் மேல் துணி மடித்து வைத்தார்கள்.

அதற்காக ஒதுக்கவும் வேண்டாம். தகட்டில் 230/460 என்று இரண்டு வோல்ட்டும் இருந்து, மோட்டார் மூன்று குதிரைத்திறனுக்குள் இருந்தால், ஒற்றை ஃபேஸ் 240 வோல்ட்டை வாங்கி மூன்று ஃபேஸாகத் தரும் விஎஃப்டி ஒன்றைப் பொருத்தி ஓட்டலாம். அந்தச் செலவை விலையோடு கூட்டிப் பேரம் பேசுங்கள். வெறும் 460 மட்டும் என்றிருந்தால் விட்டுவிடுங்கள்.

நேரில் போனதும் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேடு மாட்டும் தண்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. அது சின்ன விஷயம்தான், மாற்றிவிடலாம். வார்ப்பிரும்பில் விரிசலோ வெல்டிங் தழும்போ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பலகை நேராக நகர வழிகாட்டும் வேலியான ஃபென்ஸ் இருக்கிறதா, கூடவே வருகிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாமல் வாங்கினால், தனியாக வாங்கும் ஃபென்ஸின் விலை இயந்திரத்தின் விலையைத் தொடும்.

9. லாரி வரும் நாள்

இந்த இயந்திரங்கள் பல நூறு பவுண்டு எடை. கூரியரில் வராது, பலகை அடுக்கில் கட்டி லாரியில் வரும். ஆர்டர் போடும்போதே 'லிஃப்ட்கேட்' (சரக்கைத் தரைக்கு இறக்கும் லாரியின் பின்தட்டு) வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் லாரியின் தளம் நாலடி உயரத்தில் நிற்கும், கீழே நீங்கள் நிற்பீர்கள். ஓட்டுநர் தெருவோரம் இறக்கிவிட்டுப் போவார், கராஜுக்குள் தள்ளித் தருவது அவர் வேலை இல்லை.

கையெழுத்துப் போடும் முன் இறக்கிய சரக்கைச் சுற்றி வந்து பாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலோ பலகை உடைந்திருந்தாலோ படம் எடுத்து, சரக்கு ரசீதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெறுமனே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு நஷ்டஈடு கேட்டால் இழுபறிதான்.

10. ஊருக்குக் கொண்டுபோக நினைத்தால்

அப்பாவுக்கோ மாமாவுக்கோ ஓர் அமெரிக்க டிரில் வாங்கிப்போக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. யோசித்துச் செய்யுங்கள். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 120 வோல்ட் டிரில்லை அங்கே நேரடியாகச் செருகினால் கொஞ்ச நேரத்தில் புகைதான். டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம், ஆனால் 15 ஆம்ப் ரம்பத்துக்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மர் ரம்பத்தைவிடக் கனக்கும். டேபிள் சா போன்றவற்றின் இண்டக்‌ஷன் மோட்டாருக்கு வோல்ட் சரியாக இருந்தாலும் ஹெர்ட்ஸ் இடிக்கும். நிமிடத்துக்கு 3,450 சுற்று ஓடுவது 2,875 அளவுக்கு இறங்கிவிடும், சூடும் ஏறும்.

கார்ட்லெஸ் என்றால் சார்ஜரின் லேபிளில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். பலவற்றில் 120 மட்டுமே இருக்கும். உதிரி பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான். டிரில்லோ அதற்கு நேர்மாறு, செக்-இன் பெட்டியில்தான். பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருந்தால் சிக்கல் இல்லை. 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டுதான். '20 வோல்ட் மேக்ஸ்' என்பது உண்மையில் 18 வோல்ட். 18-ஐ 5 ஆம்ப்-மணியால் பெருக்கினால் 90. அது போகும். 12 ஆம்ப்-மணிப் பேட்டரி 216, போகாது.

ஆகவே ஊருக்கு நான் எடுத்துப்போவது ரவுட்டர் பிட்டும் பிளேடும்தான். எடை குறைவு, கரண்டு வேண்டாம். ஆனால் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பிட்டின் தண்டு கால் அங்குலம் அல்லது அரை அங்குலம். அங்கே இருக்கும் ரவுட்டரின் காலட் (பிட்டைப் பிடிக்கும் வாய்) 12 மில்லிமீட்டராக இருந்தால் அரை அங்குலத் தண்டு, அதாவது 12.7 மில்லிமீட்டர், அதில் நுழையாது. டேபிள் சா பிளேடின் நடுத்துளை இங்கே ஐந்தே எட்டு அங்குலம், அங்கே பல இயந்திரங்களில் அதைவிடப் பெரிது. மாமாவிடம் வெர்னியர் காலிப்பரால் அளந்து, வாட்ஸப்பில் படத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். வாயால் சொல்லும் அளவை வைத்து நான் ஒருமுறை நான்கு பிட் வாங்கிப்போனேன். நான்கும் இன்னும் மேசை டிராயரில் இருக்கின்றன.